பகலில் தூங்கும் ஊருக்கு ஒரு சிம்னி

நெய்வேலியில் எந்த நேரத்தில் போய் நின்றாலும், அந்தத் தெருவில் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். சுரங்கமும் அனல் மின் நிலையமும் மூன்று ஷிப்டாக ஓடுகிற ஊர். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர் குளித்து, நாலு இட்லி சாப்பிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுக்கும் நேரத்தில்தான் அடுத்த அறையில் மதியச் சமையல் சூடு பிடிக்கும். சாம்பாருக்குத் தாளிப்பு, வற்றல் மிளகாய் நெடி, கடலூர்ப் பக்கத்து மீன் வந்த நாளென்றால் வறுவல். நெடி வெளியே போக வேண்டும், தூங்குகிறவர் விழித்துவிடக் கூடாது, செலவும் கட்டுக்குள் இருக்க வேண்டும். குவார்ட்டர்ஸ் வீட்டுக்குச் சிம்னி தேடுகிறவர்கள் மனதில் இந்த மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன.

கடையில் பேச்சு வேறு மாதிரி ஆரம்பிக்கும். “இது 1200 சக்ஷன் சார். மேல ரெண்டாயிரம் போட்டா 1500 வந்துடும்” என்பார் கடைக்காரர். “சத்தம் வருமா தம்பி?” என்று வீட்டுக்காரம்மா கேட்டால், “அதெல்லாம் ஒண்ணும் வராதும்மா, 58 டெசிபல்தான்” என்று பதில் வரும். இரண்டு எண்களும் அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். பொய்யும் இல்லை. ஆனால் அந்த இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் கிடைப்பவைதானா என்று மட்டும் பெட்டியில் இருக்காது.

புகையில்லாச் சமையலறைக்கும் நெய்வேலிக்கும் பழைய உறவு உண்டு. பழுப்பு நிலக்கரியைப் பொடித்து, உலர்த்தி, அழுத்திக் கட்டியாக்கி, காற்றுப் படாமல் சுட்டு, ‘லெக்கோ’ என்ற பெயரில் வீட்டு அடுப்புக் கரியாக விற்ற ஊர் இது. 1960களில் தொடங்கிய அந்த ஆலை இன்று இல்லை. விறகடுப்போடு மல்லாடிய தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றுக்கு, கண் எரியாமல் சமைக்கக் கிடைத்த எரிபொருள் லெக்கோ. பக்கத்திலேயே வடலூர். 1867 மே மாதம் வள்ளலார் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. லெக்கோவுக்குப் பிறகு மண்ணெண்ணெய், அதற்குப் பிறகு சிலிண்டர் என்று வீடுகள் மாறிவிட்டன.

எரிபொருள் சுத்தமாவது சின்ன விஷயமல்ல. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களின் கிராமங்களில் பங்கெடுத்த பன்னாட்டு ஆய்வொன்று, விறகிலிருந்து எரிவாயுவுக்கு மாறிய கர்ப்பிணிகள் சுவாசித்த நுண்தூசி, விறகிலேயே சமைத்தவர்களுக்கு இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததைக் கண்டது. ஆனால் அடுப்பு எதுவானாலும் கடாயில் கொதிக்கும் எண்ணெய் அதே எண்ணெய்தான். அதிகச் சூட்டில் பொரிக்கும்போது எழும் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. எரிவாயுச் சுடரிலிருந்து நைட்ரஜன் டை ஆக்சைடும் வருகிறது. அதனால் சிம்னியை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. வாங்கி மாட்டிவிட்டு, சத்தம் தாங்காமல் அணைத்தே வைத்திருப்பது அதைவிட மோசம். கலிபோர்னியாவில் வீடுகளை ஆராய்ந்தவர்களிடம், ஹூடைப் போடாததற்கு மக்கள் சொன்ன காரணங்களிலும் சத்தம் முன்னணியில் இருந்தது. நம் வீடுகளிலும் கதை அதுதான். ‘விமானம் கிளம்புற மாதிரி இருக்கு’ என்று சொல்லி, விருந்தாளி வரும் நாளில் மட்டும் போடப்படும் சிம்னிகள் ஏராளம்.

முதலில் அந்த 1200-ஐ எடுத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் அந்தக் கருவி நகர்த்தும் காற்றின் அளவு அது, கன மீட்டரில். பெரும்பாலும் உச்ச வேகத்தில், தடை ஏதுமின்றி ஓடவிட்டு எடுத்த கணக்கு. வீட்டில் ஃபில்டர் இருக்கும், காற்று திரும்பி வராமல் தடுக்கும் மூடி இருக்கும், குழாய், வளைவு, வெளிமுனையில் பல்லி புகாமல் ஒரு வலை. ஒவ்வொன்றும் தன் பங்கைப் பிடுங்கிக்கொண்ட பிறகு மிச்சம் என்ன என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

உண்மையில் எவ்வளவு வேண்டும்? எட்டுக்குப் பத்து அடி சமையலறை, பத்தடி உயரம் என்றால் 800 கன அடி, அதாவது சுமார் 23 கன மீட்டர் காற்று. அதை ஒரு மணி நேரத்தில் 15 முறை முழுக்க மாற்றினாலும் 340 கன மீட்டர்தான் ஆகிறது. அமெரிக்காவின் ஹோம் வென்டிலேட்டிங் இன்ஸ்டிடியூட் வேறு வழியில் கணக்குப் போடுகிறது. சுவரோரம் மாட்டும் ஹூடுக்கு, அகலத்தில் ஓர் அடிக்கு நிமிடத்துக்கு 100 கன அடி காற்று என்பது அதன் பரிந்துரை. நம் இரண்டு பர்னர் அடுப்புக்கு மேல் மாட்டும் 60 சென்டிமீட்டர் சிம்னி இரண்டடி அகலம். ஆக நிமிடத்துக்கு 200 கன அடி. மணிக் கணக்கில் மாற்றினால் மறுபடியும் 340 கன மீட்டர். இரண்டும் ஒத்துப்போவது தற்செயல்தான். நம்முடைய தாளிப்புக்கும் அப்பளத்துக்கும் மீன் வறுவலுக்கும் தாராளமாக 500, 600 என்று வைத்துக்கொண்டாலும் பெட்டியில் போட்டிருப்பதில் பாதியைத் தாண்டவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2015-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதி இன்னும் சுவையானது. மணிக்கு 650 கன மீட்டருக்கு மேல் இழுக்கும் வேகம் ஒரு சிம்னியில் இருந்தால், கொஞ்ச நேரத்தில் அது தானாகவே 650-க்குள் இறங்கிவிட வேண்டும். மின்சாரம் வீணாவதும், வீட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை வெளியேற்றிக் குளிரை உள்ளே இழுப்பதும் அவர்களுக்குக் கவலை. நெய்வேலியில் அந்தக் கவலை யாருக்கும் இல்லை. ஆனாலும் 650 என்பது வேலைக்கு உதவாத அளவு அல்ல என்பதாவது இதிலிருந்து தெரிகிறது.

அப்படியானால் 1200 சிம்னி வீண் செலவா? இல்லை. இங்கேதான் தெர்மலில் வேலை பார்ப்பவர்கள் கடைக்காரரைவிட நன்றாகத் தேர்ந்தெடுக்க முடியும். கொதிகலனில் எரிந்த வாயுவைப் பெரிய ஐ.டி. ஃபேன்கள்தான் இழுத்துப் புகைபோக்கிக்குத் தள்ளுகின்றன. நெய்வேலி லிக்னைட்டின் எடையில் ஏறத்தாழ பாதி ஈரம் என்பதால், இழுக்க வேண்டிய வாயுவும் அதிகம். அந்த ராட்சத விசிறிக்கும் சமையலறை விசிறிக்கும் விதி ஒன்றே. சுற்று வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். அது தரும் அழுத்தம் கால் பங்காகும். தேவைப்படும் திறன், கணக்குப்படி, எட்டில் ஒன்றாகும். சத்தமோ சுமார் 15 டெசிபல் விழும். பத்து டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தோன்றும் என்பது ஒலியியலின் பொதுவான கணக்கு. எனவே சின்ன மோட்டாரை மூச்சுத் திணறத் திணற ஓட்டுவதைவிடப் பெரிய மோட்டாரைச் சோம்பலாக ஓட்டுவதே அமைதிக்கு வழி. 1200 சிம்னியை வாங்கலாம், 1200-ல் ஓட்டுவதற்காக அல்ல.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி, ‘இதன் சக்ஷன் எவ்வளவு’ என்பதில்லை. ‘முதல் வேகத்தில் எவ்வளவு இழுக்கும், அப்போது எத்தனை டெசிபல்’ என்பது. சில நிறுவனங்களின் கையேட்டில் ஒவ்வொரு வேகத்துக்கும் தனித்தனியே போட்டிருக்கும். போடாத கையேடும் நமக்கு ஒரு தகவலைத்தான் சொல்கிறது.

அடுத்தது அந்த 58. டெசிபல் என்ற அளவைச் சுரங்கத்துக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். வேலையிடத்தில் 85-ஐ எச்சரிக்கை வரம்பு என்றும் 90-ஐ ஆபத்து வரம்பு என்றும் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1975-லேயே சுற்றறிக்கை விட்டது. குடியிருப்புப் பகுதிகளுக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்த வரம்பு பகலில் 55, இரவில் 45. மூன்றடித் தூரத்தில் இரண்டு பேர் சாதாரணமாகப் பேசினால் 60-ஐ ஒட்டி வரும். இந்த வரிசையில் 58 அவ்வளவு மோசமாகத் தெரியாது. ஆனால் எந்த வேகத்தில், எவ்வளவு தள்ளி நின்று அளந்த 58?

ஐரோப்பிய லேபிளில் போடுவது ஒலித்திறன், அதாவது கருவியிலிருந்து கிளம்பும் மொத்த ஒலி. விளம்பரத்தாளில் வருவது பல நேரங்களில் ஒரு மீட்டரோ அதற்கு மேலோ தள்ளிக் கேட்கும் ஒலியழுத்தம். திறந்தவெளியில் ஒரு மீட்டர் தள்ளி அளந்தால், அதே கருவி ஒலித்திறனைவிட 8 முதல் 11 டெசிபல் வரை குறைத்துக் காட்டும். ஆகவே ஒரு கம்பெனியின் 58-ம் இன்னொரு கம்பெனியின் 67-ம் ஒரே சத்தமாகவே இருக்கக்கூடும். எப்படி அளந்தார்கள் என்று போடாத இரண்டு எண்களை ஒப்பிட்டு, ‘இது அமைதியானது’ என்று ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதில் பொருளில்லை. அமெரிக்கர்கள் டெசிபலைவிட ‘சோன்’ என்ற அளவை விரும்புகிறார்கள். சோன் இரண்டு மடங்கானால் காதுக்கும் சத்தம் இரண்டு மடங்கு. சாமானியருக்கு அது நல்ல அளவு. அங்குள்ள வீட்டுக் காற்றோட்டத் தரவிதி, நிமிடத்துக்கு 100 கன அடி இழுக்கும்போது ஹூடின் சத்தம் 3 சோனுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. நம் ஊர்ப் பெட்டிகளில் சோனைத் தேடினால் கிடைப்பது அரிது.

இவ்வளவுக்கும் பிறகு, பல வீடுகளில் சத்தத்தில் கணிசமான பங்கு சிம்னியிலிருந்தே வருவதில்லை. குழாயிலிருந்து வருகிறது.

இந்த விஷயத்தில்தான் வீடுகள் அதிகம் கோட்டைவிடுகின்றன. சிம்னியின் வாய் ஆறு இன்ச், அதாவது 150 மில்லிமீட்டர். அதில் மணிக்கு 600 கன மீட்டர் காற்று போனால் அதன் வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர். சுவரில் ஏற்கெனவே நாலு இன்ச் ஓட்டை இருக்கிறதே என்று அதற்குக் குறைப்பான் போட்டு இணைத்தால், அதே காற்று மணிக்கு 76 கிலோமீட்டர் வேகத்தில் பாய வேண்டும். தைப்பூசத்தன்று வடலூரில் ஜோதி பார்த்துத் திரும்பும் கூட்டத்தை ஒரு சந்துக்குள் திருப்பிவிட்டால் என்ன இரைச்சல் எழுமோ, அதுதான் குழாய்க்குள்ளும் நடக்கும். குழாயின் எதிர்ப்பு, விட்டம் குறையக் குறையக் கண்மண் தெரியாமல் ஏறும். விட்டம் ஆறிலிருந்து ஐந்து இன்ச் ஆனாலே ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அதைச் சமாளிக்க வீட்டார் பட்டனை உச்ச வேகத்துக்கு அழுத்துவார்கள். இழுப்பு அப்படியொன்றும் கூடாது. இரைச்சல் மட்டும் கூடும்.

அக்கார்டியன்போல் நீளும் மெல்லிய அலுமினியக் குழாயும் அப்படித்தான். மாட்டுகிறவருக்கு அது சுலபம். எந்த மூலைக்கும் வளையும். உள்ளே இருக்கும் நெளிவுகளில் காற்று சுழன்று ஊளையிடும், எண்ணெயும் அங்கேயே தங்கும். வேறு வழியே இல்லை என்றால் நன்றாக இழுத்து நீட்டி, குறைந்த நீளத்தில் போட வேண்டும். வழவழப்பான ஜி.ஐ. தகடு அல்லது ஸ்டீல் குழாய்க்குச் செலவு சற்று அதிகம், பலன் பல மடங்கு. பி.வி.சி. குழாயைப் பலர் போடுகிறார்கள், காற்று வழுக்கிப் போகும் என்பதும் உண்மைதான். எண்ணெய் படிந்த குழாய் தீப்பிடித்தால் பி.வி.சி. உருகும் என்பதை மறக்கக் கூடாது. வளைவு ஒன்றோடு முடிந்தால் நல்லது, இரண்டோடு கட்டாயம் நிறுத்த வேண்டும். இரண்டு வளைவுகளுக்கு நடுவே கொஞ்சம் நேர்க்குழாய் விட வேண்டும். அடுப்பு வெளிச்சுவரை ஒட்டியே இருந்தால் குழாயே ஓரிரு அடியில் முடிந்துவிடும். நகரியத்தின் பழைய குவார்ட்டர்ஸ் பலவும் தனித்தனி வீடுகள், சுற்றிலும் தோட்டம். பல சமையலறைகளுக்கு வெளிச்சுவர் உண்டு. சென்னை அடுக்குமாடிக்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய வசதி.

ஆனால் வீடு, சுரங்கத்தையும் மின் நிலையத்தையும் நடத்தும் நிறுவனத்துடையது. சுவரில் ஆறு இன்ச் ஓட்டை போடுவதற்கு முன் நகர நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்வதே முறை. கேட்கத் தயங்குகிறவர்களுக்கும், இரண்டு மூன்று ஆண்டில் ஓய்வு பெற்று இந்திரா நகருக்கோ வடலூருக்கோ குடிபெயரப் போகிறவர்களுக்கும் ஒரு குறுக்குவழி இருக்கிறது. ஜன்னலின் மேல் கண்ணாடி ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த அளவுக்கு அலுமினியத் தகடு வெட்டி, அதில் வட்டமாக ஓட்டை போட்டுக் குழாயை வெளியே விடலாம். போகும்போது தகட்டைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியைத் திரும்ப மாட்டிவிடலாம். தகடு தளர்வாக இருந்தால் அதுவே தனியாக அதிரும் என்பதால், ஓரங்களில் ரப்பர் பட்டை வைத்து இறுக்க வேண்டும்.

குழாய் வெளியே எங்கே முடிகிறது என்பதும் யோசிக்க வேண்டியது. அடுத்த வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக என்றால் நெடியும் சத்தமும் அங்கே போகும். அந்த வீட்டிலும் ஒரு நைட் ஷிப்ட்காரர் இருக்கலாம். சிங்கப்பூரில் ஓர் இந்தியக் குடும்பத்தின் குழம்பு வாசனைக்குப் பக்கத்து வீட்டார் ஆட்சேபம் சொல்ல, அவர்கள் வீட்டில் இல்லாதபோது மட்டும் குழம்பு வைப்பது என்று சமரசம் ஆனது. 2011-ல் அந்தச் செய்தி வெளிவந்ததும் ஊரே கொதித்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 21 அன்று ஆயிரக்கணக்கானோர் வேண்டுமென்றே குழம்பு வைத்தார்கள். நம்மூரில் குழம்பு வாசனைக்கு யாரும் புகார் கொடுக்கப்போவதில்லை. மீன் வறுவல் புகைக்கு அப்படி உறுதி சொல்ல முடியாது.

சிம்னியே வேண்டாம், கையில் பணம் இரண்டாயிரத்தைத் தாண்டாது என்கிறவர்கள் எக்ஸாஸ்ட் ஃபேனை ஏளனமாகப் பார்க்கத் தேவையில்லை. அடுப்புக்கு நேர் மேலே, உயரத்தில், வெளிச்சுவரில் உட்கார்ந்த ஒரு நல்ல ஃபேன், நீளக் குழாயோடு மல்லுக்கட்டும் மலிவான சிம்னியைவிட நன்றாக வேலை செய்யக்கூடும். இதிலும் பார்க்க வேண்டியது சுற்று வேகம். பன்னிரண்டு இன்ச் உலோக எக்ஸாஸ்ட் ஃபேன் நிமிடத்துக்கு 900 சுற்று, 1400 சுற்று என இரண்டு விதமாகக் கிடைக்கிறது. கடைக்காரர் 1400-ஐத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார். முன்னே சொன்ன கணக்கைப் போட்டால் 900 சுற்று ஃபேனின் இரைச்சல் ஒன்பது, பத்து டெசிபல் குறைவு, அதாவது காதுக்கு ஏறத்தாழப் பாதி. காற்றில் மூன்றில் ஒரு பங்குதான் இழப்பு. வீட்டுச் சமையலறைக்கு 900 போதும். டீக்கடைகளிலும் மெஸ்களிலும் செய்வதுபோல, வெல்டிங் பட்டறையில் ஒரு ஸ்டீல் தகட்டுக் குடை செய்து அடுப்புக்கு மேல் கவிழ்த்து, அதை ஃபேனோடு இணைத்துவிட்டால் புகை அறைக்குள் பரவுவதற்கு முன்பே சிக்கும். அழகுக்கு மதிப்பெண் குறையலாம்.

ஃபில்டர் விஷயம் சீக்கிரம் முடிகிறது. பல அடுக்குக் கம்பி வலை எண்ணெயை நன்றாகப் பிடிக்கும். பிடித்த எண்ணெயால் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். அடைத்தால் சத்தம் ஏறும். தகடுகள் வளைந்து வளைந்து அமைந்த பேஃபிள் ஃபில்டரில் எண்ணெய் வழிந்து கீழே இறங்கிவிடும். தினமும் தாளிக்கும் வீட்டுக்கு அதுவே பொருத்தம். ஃபில்டரே இல்லாத ‘ஆட்டோ கிளீன்’ வகைக்கு இப்போது மவுசு அதிகம். பட்டனை அழுத்தினால் சூடாகி, உருகிய எண்ணெய் ஒரு கிண்ணத்தில் இறங்கும் என்பது அதன் வாக்குறுதி. ஓரளவுக்கு இறங்குகிறது. கிண்ணத்தைக் கழுவுவதும் அவ்வப்போது ஆளைக் கூப்பிட்டு உள்ளே சுத்தம் செய்வதும் நீங்குவதில்லை. பி.எல்.டி.சி. மோட்டார் வைத்தவை மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும், வேகத்தைப் படிப்படியாகக் குறைக்க முடியும் என்பதால் அமைதிக்கு மிகவும் உகந்தவை. பட்ஜெட் இடம்கொடுத்தால் முதலில் பரிசீலிக்க வேண்டியது அதுதான். இடம்கொடுக்காவிட்டால் அதே பணத்தில் பாதியைக் குழாய்க்குப் போடுவது புத்திசாலித்தனம்.

குழாயே வேண்டாம், கார்பன் ஃபில்டர் வழியாகக் காற்றைச் சுத்தம் செய்து சமையலறைக்குள்ளேயே விடும் என்று ஒரு வகை விற்கிறார்கள். வெப்பமும் நீராவியும் அப்படியே உள்ளேயே சுற்றும். இந்த ஊரின் புழுக்கத்தில் அதை வாங்குவதற்கு ஒரு காரணமும் இல்லை. சத்தம் மட்டும் குறையாமல் கிடைக்கும்.

பிராண்டுகளைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். இந்தியக் கடைகளில் முன்வரிசையில் நிற்கும் ஃபேபர், எலிகா இரண்டுமே இத்தாலியில் ஃபாப்ரியானோ என்ற ஒரே சிறு நகரத்தில் பிறந்தவை. காகிதத்துக்கு நூற்றாண்டுகளாகப் பேர்போன ஊர் அது. உள்ளூர்ப் பெயர்களும் நிறைய உண்டு. பத்தாயிரம் ரூபாய்க்குக் கீழேயே 60 சென்டிமீட்டர் சிம்னி கிடைக்கிறது. பெயரைவிட முக்கியம் சர்வீஸ் ஆள் எங்கிருந்து வருவார் என்பது. கடலூரிலிருந்தா, புதுச்சேரியிலிருந்தா, இல்லை சென்னையிலிருந்துதானா? கூப்பிட்டால் எத்தனை நாளில் வருவார் என்பதை அக்கம்பக்கத்தில் அதே பிராண்டு வைத்திருப்பவர்களிடம் விசாரிப்பது நல்லது.

மாட்டிய பிறகு செய்ய வேண்டியதில் பைசா செலவில்லை. சமையலறையில் சீலிங் ஃபேன் ஓடினால் புகை சிம்னிக்குப் போகாமல் கூடத்துக்குப் போகும். கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டால் சிம்னிக்கு இழுக்கக் காற்றே இருக்காது, மோட்டார் வீணாக முனகும். அடுப்புக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு ஜன்னலோ கதவோ விரல்கடை அளவு திறந்திருந்தால் போதும். சிம்னிக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் வெளிக்காற்று புகையைக் கலைத்துவிடும். கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தார் வீடுகளில் மாட்டியிருந்த 15 கருவிகளைச் சோதித்தபோது, புகையைப் பிடிக்கும் திறன் சிலவற்றில் 15 சதவீதத்துக்கும் கீழே, சிலவற்றில் 98-க்கும் மேலே. அடுப்பு முழுவதையும் மூடும்படி பரந்து குழிந்த ஹூடுகள் நன்றாகப் பிடித்தன. முன் பர்னரைவிடப் பின் பர்னரின் புகை எளிதில் சிக்கியது. நம்முடைய இரண்டு பர்னர் அடுப்பில் முன்பின் கிடையாது என்பதால், அடுப்பையே சுவரோரம் நன்றாகத் தள்ளி வைத்துவிடலாம். உயரமும் முக்கியம். கேஸ் அடுப்புக்கு மேல் 65 முதல் 75 சென்டிமீட்டர் என்று பெரும்பாலான கையேடுகள் சொல்கின்றன. தலையில் இடிக்கிறது என்று இன்னும் ஓரடி ஏற்றிவிட்டால், அந்த ஓரடியை ஈடுகட்ட வேகத்தைக் கூட்ட வேண்டிவரும்.

பட்டனை எப்போது அழுத்துவது என்பதிலும் அமைதி அடங்கியிருக்கிறது. எண்ணெய் காய்வதற்கு முன்பே குறைந்த வேகத்தில் போட்டுவிட்டால் காற்று மேலே நகரத் தொடங்கியிருக்கும், அடுத்து எழும் புகை அதோடு சேர்ந்துகொள்ளும். மிளகாய் கருகிய பிறகு ஓடிப்போய் உச்ச வேகத்தில் போடுவது, நெடி வீடெல்லாம் பரவிய பிறகு சத்தத்தையும் பரப்புவதுதான். தாளிக்கும் அரை நிமிடத்துக்கு மட்டும் வேகத்தைக் கூட்டிவிட்டு உடனே குறைக்கலாம். அடுப்பை அணைத்த பிறகும் பத்து நிமிடம் மெதுவாக ஓடட்டும். அதில் செலவாகும் மின்சாரம் காசுக் கணக்கில்கூட வராது.

வாங்கியபோது சாதுவாக இருந்த சிம்னி ஆறே மாதத்தில் உறுமத் தொடங்கினால் பெரும்பாலும் எண்ணெய்தான் காரணம். விசிறி இதழ்களில் பிசுக்கு ஒருபக்கமாகப் படிந்தால் சமநிலை கெட்டு அதிரும். பேஃபிள் ஃபில்டரை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு ஊறவைத்துத் தேய்த்தால் இதில் பாதி தவிர்ந்துவிடும். குறைந்த வேகத்தில் ‘டக் டக்’ என்று கேட்டால் அது மோட்டார் இல்லை, காற்றுத் திரும்பாமல் தடுக்கும் மூடி அடித்துக்கொள்ளும் ஓசை. சுவர் வழியாகப் படுக்கையறைக்குள் ‘ஹம்’ என்று இறங்கினால், சிம்னியைத் தாங்கும் திருகுகளுக்கும் சுவருக்கும் நடுவே ரப்பர் வாஷர் வைக்கச் சொல்ல வேண்டும். சில்லறைக் காசு வேலை.

ஆர்டர் கொடுக்கும்போதே பில்லில் ‘ஆறு இன்ச் வாய், ஆறு இன்ச் குழாய், கடைசிவரை’ என்று எழுதி வாங்கிவிடுங்கள். மாட்டும் ஆள் வரும் நாளில் ஃபோனில் ஒரு டெசிபல் ஆப் இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்க அரசின் தொழிலாளர் நல ஆய்வு நிறுவனமான நியோஷ் வெளியிட்ட இலவச ஆப் இருக்கிறது. மற்ற ஃபோன்களில் எண் துல்லியமாக இருக்காது, ஆனாலும் ஒரு வேகத்துக்கும் இன்னொரு வேகத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். சமையலறையில் அளப்பதோடு நிறுத்தாமல், படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலருகேயும் அளந்து பாருங்கள், ஒவ்வொரு வேகத்திலும். சரியில்லை என்று தோன்றினால் ஆள் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஆன்லைனில் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதற்கான கெடு பெரும்பாலும் டெலிவரி ஆன நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும், மாட்டிய நாளிலிருந்து அல்ல.